அம்மாவின் ரத்த அழுத்தத்துக்கு சர்ப்பகந்தா வேர்ப்பொடி: மாத்திரையை நிறுத்திவிட்டுக் கொடுக்கலாமா?

பூம்பாறை மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைப் பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் குடும்பம். அறுபதைக் கடந்த என் அம்மாவுக்குச் சில ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம் உண்டு. அம்லோடிபின் 5 மி.கி., டெல்மிசார்டன் 40 மி.கி. என இரண்டு மாத்திரைகள் எடுத்துவருகிறார். முன்பெல்லாம் 130/80 என்று கட்டுக்குள் இருந்த அழுத்தம், இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து 160/100-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. மாத்திரை தவறவில்லை, அட்டையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டது, இனிக் கேட்காது என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். மலையடிவாரத்தில் ஒரு மூலிகைக் கடையில் சர்ப்பகந்தா என்று சொல்லி ஒரு வேர்ப்பொடி கொடுத்திருக்கிறார்கள். காகிதப் பொட்டலத்தில் பெயரும் இல்லை, அளவும் இல்லை. காலையும் இரவும் அரைத் தேக்கரண்டி வெந்நீரில் கலந்து குடிக்க வேண்டும் என்றும், குடிக்கத் தொடங்கிய அன்றே மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றும் கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். அம்மா இன்னும் தொடங்கவில்லை. பொட்டலம் என்னிடம் இருக்கிறது.

மூலிகை மருத்துவத்தின் மேல் எங்கள் குடும்பத்துக்கு மதிப்பு உண்டு; அதைக் குறை சொல்ல இங்கே வரவில்லை. இந்த வேரில் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பொருள் உண்மையிலேயே இருக்கிறதா, இருந்தால் அது என்ன செய்கிறது என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். எங்கள் அடுப்பங்கரைப் பரணில் புகை படும்படி கட்டித் தொங்கவிட்டிருக்கும் மலைப்பூண்டைப் பற்றியும் இதே கேள்விதான். இவற்றில் எதையாவது நம்பி மாத்திரையை விடலாமா?

உதகை மூலிகையியல் ஆசிரியர்

அம்மா, முதலில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். சர்ப்பகந்தா ரத்த அழுத்தத்தைக் குறைக்குமா என்றால், ஐயத்துக்கு இடமின்றிக் குறைக்கும். நான் அஞ்சுவதும் அதனால்தான். மருந்துக் கல்லூரியில் நெடுங்காலம் மூலிகைப் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்த வேர் இது. 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், இந்த வேர் ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினார்கள். பம்பாயைச் சேர்ந்த இதய மருத்துவர் ரஸ்தம் ஜால் வக்கீல், ஐம்பது நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துக் கண்ட முடிவுகளை 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வகத்தில் இந்த வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற ஆல்கலாய்டு பிரித்தெடுக்கப்பட்டது. கடுமையான ரத்த அழுத்தத்தை மருந்தால் குறைத்தால் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் குறைகின்றன என்பதை ஒப்பீட்டு ஆய்வின் மூலம் முதன்முதலில் உறுதியாகக் காட்டியது, 1967-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து வெளிவந்த ஆய்வு. அந்த ஆய்வில் கொடுக்கப்பட்ட மூன்று மருந்துகளில் ஒன்று ரெசர்ப்பின். இன்று உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் அழுத்த மாத்திரை எடுப்பதற்கு அடிப்படையாக அமைந்த சான்றில் நம் மண்ணின் வேருக்கும் பங்கு உண்டு என்பதை நான் மாணவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் பெருமையோடுதான் சொல்லிவந்தேன்.

ரெசர்ப்பின் செய்யும் வேலை இதுதான். நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்கள் சிறுசிறு பைகளில் சேமித்து வைக்கப்படுகின்றன. ரெசர்ப்பின் அந்தப் பைகள் நிரம்பும் வழியை அடைத்துவிடுகிறது. சேமிப்பு வற்றியதும், ரத்தக்குழாய்களை இறுக்கும் கட்டளை தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. ஆனால் மூளையிலும் அதே பைகள் இருக்கின்றன. அங்கே செரட்டோனினும் டோபமினும் வற்றுகின்றன. அளவு மிகுந்தால் மூக்கடைப்பு, நாடித்துடிப்புக் குறைவு, வயிற்றுப்புண் ஆகியவற்றோடு ஆழ்ந்த மனச்சோர்வும் வரக்கூடும். முழு விளைவு தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். நிறுத்திய பிறகும் அது பல நாள்கள் நீடிக்கும். முதல் நாளே மாத்திரையை விட்டுவிட்டால், இடைப்பட்ட வாரங்களில் உங்கள் அம்மாவுக்குக் காப்பு எதுவும் இருக்காது. பிறகு விளைவு தலைகாட்டும்போது அது எவ்வளவு என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

அளவைப் பாருங்கள். ரெசர்ப்பின் மாத்திரையாக வந்த காலத்தில் ஒரு மாத்திரையில் இருந்த ரெசர்ப்பின் 0.1 அல்லது 0.25 மில்லிகிராம். முழு வேர்ப்பொடியாகக் கொடுத்த மருத்துவர்கள் நாளொன்றுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் என்ற அளவில் நின்றார்கள். அரைத் தேக்கரண்டி வேர்ப்பொடி ஏறத்தாழ ஒரு கிராமுக்கு மேல் வரும். இரு வேளைக்கு இரண்டு கிராமைத் தாண்டும். அதாவது கடைக்காரர் சொன்னது அந்தப் பழைய அளவைப் போல் சுமார் பத்து மடங்கு. அதிலும் ரெசர்ப்பின் வேரின் தோலில் மிகுந்தும் உள்கட்டையில் குறைந்தும் இருக்கும். செடியின் வயதுக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாறும். காட்டில் இந்தச் செடி அருகிவிட்டதால் அதன் பன்னாட்டு வணிகமே கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த, சமவெளியில் களையாக வளரும் மற்றொரு செடியின் வேரைக் கலந்து விற்பதும் உண்டு. பெயரில்லாப் பொட்டலத்தில் இருப்பது எது, எவ்வளவு என்பதை முகர்ந்தோ பார்த்தோ சொல்ல முடியாது.

எங்கள் நீலகிரியில் 1860-களில் நடுவட்டத்திலும் தொட்டபெட்டாவிலும் சிங்கோனா மரங்களை நட்டபோது, எந்த மரத்துப் பட்டையில் எவ்வளவு குயினைன் இருக்கிறது என்று அளந்து சொல்லவே அரசு ஒரு வேதியியலாளரைத் தனியாக அமர்த்தியது. மலேரியாவுக்குப் பட்டை உதவும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்தப் பட்டை இந்த நோயாளிக்கு எவ்வளவு என்பதே அப்போதும் கேள்வியாக இருந்தது.

பூண்டு வேறு வகை. அதன் பல்லை முழுதாக வைத்திருக்கும்வரை உள்ளே அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கியதும் இரண்டும் கலந்து அல்லிசின் உருவாகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அதனுடையதே. முழுப் பல்லைப் பாலில் போட்டுக் கொதிக்கவைத்தால் நொதி வெப்பத்தில் செயலிழந்துவிடும், அல்லிசின் பெரிதாக உருவாகாது. நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுவைத்துப் பிறகு சமைப்பதுதான் பயன்படும் முறை. பூண்டிலிருந்து வரும் கந்தகச் சேர்மங்களைச் சிவப்பணுக்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன என்றும், அது ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது என்றும் 2007-இல் அமெரிக்காவின் அலபாமாவில் நடந்த ஆய்வு காட்டியது. உயர் அழுத்தம் உள்ளவர்களிடம் பூண்டுத் தயாரிப்புகளைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், மேல் அளவு (160/100 என்பதில் 160) சராசரியாக 8 மி.மீ. வரை குறைகிறது. அவற்றில் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். கொடுத்ததும் அளவிட்ட மாத்திரைகள்தான், பரணிலிருந்து எடுத்த பல் இல்லை. உங்கள் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது, மணமும் காரமும் மிகுந்தது. அதை உணவாகத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் எடுப்பவர்களும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் மட்டும் மிகுதியாகப் பச்சைப் பூண்டு உண்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

செம்பருத்தித் தேநீர் பற்றியும் பலர் கேட்பதால் ஒரு சொல். 2010-இல் பாஸ்டனில் நடந்த ஆய்வில், நாளுக்கு மூன்று கோப்பை வீதம் ஆறு வாரம் குடித்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 7 மி.மீ. குறைந்தது. அந்தத் தேநீர் புளிச்சைக்கீரை வகைச் செடியின் சிவந்த, சதைப்பற்றான புல்லிதழிலிருந்து போட்டது. நம் வீட்டு வேலியோரம் பூக்கும் செம்பருத்தி வேறு செடி. அந்த ஆய்வின் முடிவை இதற்கு ஏற்றிச் சொல்லக் கூடாது.

பழனி அடிவாரச் சித்த மருத்துவர்

ஆசிரியர் ஐயா சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். முறையாகப் பயின்ற சித்த மருத்துவர் எவரும் நோயாளியைப் பார்க்காமல், நாடி பார்க்காமல், எடுக்கும் மருந்துகளைக் கேட்காமல் சர்ப்பகந்தா கொடுக்க மாட்டார். உரிமம் பெற்ற சித்த மருந்தின் மேலட்டையில் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், தொகுதி எண், சேர்மானம், காலாவதி நாள் எல்லாம் இருக்கும். பொட்டலம் கட்டிக் கொடுப்பதை எங்கள் மருத்துவத்தின் பெயரால் விற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அழுத்தம் சற்றே கூடியவர்களுக்கு வெண்தாமரைச் சூரணம், மருதம்பட்டை, சீரகம் ஆகியவற்றை உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறோம். 160/100 என்று நிற்பவருக்கு, அதுவும் இரண்டு மாத்திரை எடுத்தும் குறையாதவருக்கு, மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் ஒருபோதும் கொடுப்பதில்லை.

எனக்குக் கேட்க வேண்டியது வேறொன்று. நன்றாகக் கட்டுக்குள் இருந்த அழுத்தம் குளிர்காலத்தில் ஏன் ஏறியது? குளிர் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், அதனால் ஓரளவு ஏறும் என்பது உண்மைதான். ஆனாலும் 130 இருந்தது 160 ஆவதற்குக் குளிர் மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். சளிக்கோ இருமலுக்கோ மூட்டுவலிக்கோ உங்கள் அம்மா என்னென்ன எடுக்கிறார்? கை மருந்து, கஷாயம், வாயில் அடக்கிக்கொள்ளும் துண்டு என்று எதையும் விடாமல் எழுதுங்கள்.

பூம்பாறை மகள்

இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. ஐப்பசி மழையிலிருந்தே அம்மாவுக்குத் தொண்டைக் கரகரப்பும் வறட்டு இருமலும் இருக்கின்றன. காலையும் இரவும் அதிமதுரம், சித்தரத்தை, மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார். வேலை செய்யும்போதெல்லாம் விரல் நீளத்தில் ஓர் அதிமதுரத் துண்டை வாயில் அடக்கி மென்றுகொண்டே இருப்பார், தீர்ந்தால் அடுத்தது. சந்தைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கால் கிலோ வாங்கி வருகிறார். கேட்டபின்தான் யோசிக்கிறேன்: மாலையில் கணுக்காலில் வீக்கம் தெரிகிறது, கை கால் அசதி என்றும் ஆடுசதை பிடித்துக்கொள்கிறது என்றும் சொல்கிறார். வயதாகிறது என்று விட்டுவிட்டோம்.

பழனி அடிவாரச் சித்த மருத்துவர்

அம்மா, அதிமதுரத்தை இன்றே நிறுத்துங்கள். கஷாயத்திலும் வேண்டாம், வாயிலும் வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது ரத்தத்தில் பொட்டாசியம், சோடியம், கிரியாட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அதிமதுரம் எங்கள் மருந்துப் பெட்டியில் அன்றாடம் கை போகும் சரக்கு. தொண்டைக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் அதைப் போல் இதமானது அரிது. ஆனால் அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் என்ற பொருள் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. நம் உடலில் சுரக்கும் கார்ட்டிசால், சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கும் ஏற்பியைத் தூண்டிவிடாதபடி அங்கே ஒரு நொதி அதைச் செயலிழக்கச் செய்துகொண்டே இருக்கிறது. கிளிசிரைசினிலிருந்து உடலில் உருவாகும் அமிலம் அந்த நொதியை அடக்கிவிடும். காவல் போனதும் கார்ட்டிசால் தன் விருப்பத்துக்கு அந்த ஏற்பியைத் தூண்ட, உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. அழுத்தம் ஏறுவது, கால் வீங்குவது, தசை சோர்ந்து பிடித்துக்கொள்வது எல்லாம் இந்த ஒரே வழியில் வரக்கூடியவை. பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத்துடிப்பே தாறுமாறாகிவிடும்.

நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. 2024-இல் சுவீடனில் வெளிவந்த ஆய்வில், அந்த 100 மில்லிகிராமை இரண்டு வாரம் உண்ட நலமான இளையோருக்கே மேல் அளவு சுமார் 3 மி.மீ. ஏறியது. சில கிராம் வேரிலேயே அந்த வரம்பு எட்டிவிடும். நாள் முழுவதும் மென்று, இருவேளைக் கஷாயமும் குடிப்பவர் அதைப் பல மடங்கு தாண்டியிருப்பார். இருமலுக்கு இரண்டு மூன்று நாள் கொடுப்பது வேறு, மாதக்கணக்கில் தொடர்வது வேறு. அழுத்தம் உள்ளவருக்கு நான் அந்த இரண்டு மூன்று நாளும் கொடுப்பதில்லை.

அம்லோடிபினாலும் கணுக்கால் வீங்குவது உண்டு. ஆகவே வீக்கத்தை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். அதிமதுரத்தை நிறுத்திய பிறகு அழுத்தம் உடனே இறங்காது, சில வாரங்கள் ஆகலாம். அந்த வாரங்களில் இரண்டு மாத்திரைகளும் தொடர வேண்டும். அழுத்தம் இறங்க இறங்க மாத்திரையின் அளவை மாற்றுவதா என்பதை அவற்றை எழுதிக் கொடுத்த மருத்துவரே முடிவு செய்யட்டும்.

கோத்தகிரி செவிலி

நான் நீலகிரியில் மலைக் கிராமங்களுக்குப் போய் அழுத்தம் பார்க்கும் செவிலி. இந்த உரையாடலில் என் பங்குக்கு அளவு எடுக்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் எங்கள் பக்கம் அம்மாமார் ரவிக்கைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை என்று இருப்பார்கள். அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையை ஸ்வெட்டர் மேலேயே சுற்றினாலும் எண் தவறும், ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டி அது தோளைக் கயிறு போல் இறுக்கினாலும் எண் தவறும். ஒரு கையை முழுவதும் வெளியே எடுக்கச் சொல்லி, வெறும் மேற்கையில் பட்டையைச் சுற்றுங்கள். அடுப்போரமோ கதகதப்பான அறையிலோ முதுகு சாய்ந்து, கால்களைக் குறுக்கே போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கை இதய மட்டத்தில் இருக்கும்படி தாங்கிப் பிடித்து அளவெடுக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் தேநீர், காப்பி கூடாது; சிறுநீரும் கழித்திருக்க வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை என ஒரு வாரம் எழுதிவையுங்கள். அந்தத் தாள் மருத்துவருக்கு மிகவும் உதவும்.

180/120-ஐத் தாண்டி, அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, பார்வை மங்கல் என ஏதேனும் இருந்தால் மறு நாள்வரை காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழையுங்கள். மேல்மலையிலிருந்து வண்டி இறங்க எடுக்கும் நேரத்தை மனத்தில் வையுங்கள்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடுகிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள். அவையும் அழுத்தத்தை ஏற்றும், டெல்மிசார்டனின் வேலையையும் கெடுக்கும். இந்துப்புக்கு மாறிவிட்டோம், இனி உப்பு எவ்வளவு சேர்த்தாலும் பயமில்லை என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். இந்துப்பிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். எந்த உப்பானாலும் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாயும் கருவாடும் அந்தக் கணக்கில் சேரும்.

நம் மலையில் விளையும் பீட்ரூட்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதிலுள்ள நைட்ரேட்டை நாவிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்ற, அது உடலில் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக்குழாயை விரிக்கிறது. 2015-இல் லண்டனில் வெளிவந்த ஆய்வில் நாளுக்கு 250 மில்லி பீட்ரூட் சாறு நான்கு வாரம் குடித்தவர்களுக்கு மேல் அளவு சுமார் 8 மி.மீ. இறங்கியது. வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் நைட்ரேட்டும் அதோடு போய்விடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியக் கணக்கு இருப்பதால், கிரியாட்டினின் முடிவு வந்த பிறகு பீட்ரூட் சாற்றைத் தொடங்குவது நல்லது. மாத்திரை வாங்க மலை இறங்குவதுதான் சிரமம் என்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

பூம்பாறை மகள்

நீங்கள் அனைவரும் எழுதியதை அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அதிமதுரத்தை நிறுத்த ஒப்புக்கொண்டார். வேர்ப்பொடியையும் மீதமுள்ள அதிமதுரத்தையும் எடுத்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவரைப் பார்க்கவும் திங்கள்கிழமை போகிறோம். இருமல் மட்டும் விடவில்லை ஐயா. அதிமதுரம் இல்லாமல் அதற்கு என்ன கொடுக்கலாம்?

பழனி அடிவாரச் சித்த மருத்துவர்

இருமல் மூன்று வாரங்களைத் தாண்டிவிட்டதால் முதலில் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் வேண்டுமா என்று திங்களன்று மருத்துவரிடமே கேளுங்கள். அதுவரை தூதுவளை ரசம், உப்பைக் குறைத்து மிளகும் நசுக்கிய பூண்டும் சேர்த்தது, இரவில் வெந்நீர் ஆவி, இவை போதும். கடையில் இருமல் சூரணமோ லேகியமோ மணப்பாகோ வாங்க நேர்ந்தால் சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். அதிமதுரம் என்றோ யஷ்டிமது என்றோ முலேத்தி என்றோ இருந்தால் அது உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்.